கோழை என்ற தீர்ப்பு: பதுங்குகுழி நாடகங்களும் மதராஸ் சிப்பாயும்

வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி என்று நீளும் சாலையோர ஊர்களுக்குப் பட்டுத் தறியும் பட்டாளமும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டிருக்கின்றன. கணியம்பாடி ஒன்றியத்தின் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். கண்ணமங்கலத்திலும் மிலிட்டரிக்காரர் வீடு என்று அடையாளம் சொல்லி வழிகாட்டுவது சாதாரணம். லீவில் வரும் பிள்ளையிடம் எந்த ஊரில் போஸ்டிங், குளிர் எப்படி, அடுத்த லீவு எப்போது என்றெல்லாம் கேட்போம். பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அந்தக் கேள்வியை மேலை நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்கள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் சேற்றுக்கும் குண்டுக்கும் நடுவே நின்றவனுக்குக் கடமை எது, கோழைத்தனம் எது என்று அவை விவாதித்தன. அந்த விவாதம் கோர்ட் தீர்ப்புகளையும் சட்டத்தையும்கூடத் தொட்டது. நம் சிப்பாய்களும் அதே போரில் நின்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மேல், குறிப்பாக மதராஸ் படையினர் மேல், கோழைகள் என்ற முத்திரை கூட்டாகக் குத்தப்பட்டது. அதை மறுவிசாரணை செய்யும் ஒரு நாடகம் தமிழில் இன்னும் வரவில்லை. கோழை என்று சொன்னவர் யார், எங்கே உட்கார்ந்து சொன்னார், அவருக்கு அதனால் என்ன லாபம் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

மேடையிலிருந்து சின்னத்திரைக்கு

இந்த வகை நாடகங்களுக்கெல்லாம் மூத்தது ஆர்.சி. ஷெரிஃப் எழுதிய ‘ஜர்னிஸ் எண்ட்’. ஷெரிஃப் கிழக்கு சர்ரே படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து 1917-இல் பாஷன்டேல் போரில் காயம்பட்டவர். அவருடைய நாடகம் 1928 டிசம்பரில் லண்டனில் மேடையேறியது. தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த நிலையில், 1937 நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்த நினைவுநாளில் பிபிசி அதைச் சின்னத்திரைக்குக் கொண்டு வந்தது. 1988-இலும் பிபிசி அதை மறுபடி தயாரித்தது.

கதை நடப்பது 1918 மார்ச்சில், ஜெர்மனியின் பெருந்தாக்குதலுக்கு முந்தைய சில நாட்களில், செயின்ட் குவென்டின் அருகே ஒரு பதுங்குகுழியில். கம்பெனித் தலைவன் ஸ்டன்ஹோப்புக்கு வயது இருபத்தொன்று. மூன்று ஆண்டுகள் முன்னணியில் நின்று, விஸ்கி இல்லாமல் நிற்க முடியாதவனாகி விட்டான். ஹிபர்ட் என்ற அதிகாரி, நரம்புவலி தாங்க முடியவில்லை, மருத்துவமனைக்குப் போகிறேன் என்கிறான். அது பொய் என்று ஸ்டன்ஹோப்புக்குத் தெரியும். இங்கிருந்து போனால் சுட்டுவிடுவேன் என்று துப்பாக்கியை நீட்டுகிறான். சுடு என்று நிற்கிறான் ஹிபர்ட். ஸ்டன்ஹோப் சுடவில்லை. எனக்கும் இதே பயம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். இருவரும் சேர்ந்து வெளியே போய்க் காவல் நிற்கிறார்கள்.

நாடகத்தின் சாரம் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. வீரன் என்று எல்லோரும் கொண்டாடுகிறவனும் கோழை என்று ஏசப்படுகிறவனும் ஒரே பயத்தைத்தான் சுமக்கிறார்கள். ஒருவன் அதைக் குடித்து மறைக்கிறான், மற்றவன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். கடமை என்பது பயம் போன பிறகு வருவது என்று ஷெரிஃப் எழுதவில்லை. பயந்தவன் தோளில் இன்னொரு பயந்தவன் கை வைக்கும்போது அது பிறக்கிறது என்று எழுதினார்.

அடுத்த தலைமுறை நாடகங்கள் பதுங்குகுழியை விட்டு மேலே பார்த்தன, கட்டளை போட்டவர்களை விசாரித்தன. 1986-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி மோனகிள்டு மியூட்டினியர்’, பெர்சி டாப்லிஸ் என்பவரை வைத்து 1917-இல் எட்டாப்பிள் பயிற்சி முகாமில் நடந்த கலகத்தைச் சொன்னது. கலகம் உண்மை. ஆனால் டாப்லிஸ் அப்போது அங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்ட, பெரிய சர்ச்சை எழுந்தது. 1989-இன் ‘பிளாக்ஆடர் கோஸ் ஃபோர்த்’ நகைச்சுவைத் தொடர். அதிலும் ஒரு பகுதி ராணுவக் கோர்ட்டையும் துப்பாக்கிக் குழுவையும் பற்றியது. இந்தத் தொடர்கள் முதல் உலகப்போரைப் பற்றித் தவறான சித்திரம் தருகின்றன என்று 2014-இல் அன்றைய பிரிட்டன் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் குறை சொன்னார். போர் முடிந்து நூறு ஆண்டுகள் நெருங்கும்போதும் ஒரு அமைச்சரைப் பேச வைக்கும் அளவுக்குத் தொலைக்காட்சி நாடகம் மக்கள் நினைவில் பதிந்திருந்தது.

தூணில் கட்டிச் சுட்டவர்கள்

நாடகங்களுக்குப் பின்னால் இருந்த நிஜம் கொடியது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் ஏறத்தாழ 3,080 மரண தண்டனைகள் விதித்தன. அவற்றில் 346 நிறைவேற்றப்பட்டன. பெரும்பாலானவை படையை விட்டு ஓடியதற்காக. கோழைத்தனம் என்ற குற்றத்துக்காகவே 18 பேர் சுடப்பட்டார்கள். விடியற்காலையில், கம்பத்தில் கட்டி, நெஞ்சில் வெள்ளைத் துணியைக் குத்தி, சொந்தப் படைக்காரர்களைக் கொண்டே சுட வைத்தார்கள்.

ஹாரி ஃபார் என்பவரின் வழக்கு எல்லாவற்றுக்கும் உதாரணம். 1915-இல் குண்டதிர்ச்சியால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து மறுபடி முன்னணிக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1916 செப்டம்பரில், இனி முன்னே போக என்னால் முடியாது என்றார். விசாரணையில் அவருக்காக வாதாட யாரும் இல்லை. அக்டோபர் 18 அன்று சுடப்பட்டார். மனைவிக்குப் பென்ஷன் மறுக்கப்பட்டது. அவருடைய மகள் கெர்ட்ரூட் ஹாரிஸ் முதுமையிலும் விடாமல் போராடினார். 2006-இல் பிரிட்டன் பாராளுமன்றம் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். ஸ்டாஃபோர்டுஷயர் நினைவுப் பூங்காவில் இன்று அந்த 306 பேருக்கும் ஆளுக்கொரு கம்பம் நடப்பட்டிருக்கிறது.

குண்டதிர்ச்சியை ஒரு நோயாக மருத்துவர் சார்ல்ஸ் மையர்ஸ் 1915-இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார். சட்டம் மருத்துவத்துக்குப் பின்னால் மெதுவாக வந்தது. கோழைத்தனத்துக்கும் ஓடிப்போவதற்குமான மரண தண்டனையைப் பிரிட்டன் 1930-இல் நீக்கியது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில், எதிரியின் முன்னே கோழைத்தனம் காட்டுவது இன்றும் மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றமாகவே இருக்கிறது. நம் பிள்ளைகள் கையெழுத்திட்டுச் சேரும் வேலையின் சட்டம் இது. இதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுவதே இல்லை.

காயத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்

காயம் இருக்கும் இடத்தைப் பார்த்து மனிதனை எடைபோடும் வழக்கம் நமக்குப் பழையது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகு வழியாக வெளியேறியது. முதுகில் புண் வந்துவிட்டது என்ற நாணத்தால் அவன் வடக்கிருந்து உயிர் விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற்புலவர் வென்ற கரிகாலனிடமே, அவன் உன்னைவிட நல்லவன் என்று பாடினார். மகன் புறமுதுகு காட்டினான் என்ற சொல் கேட்டுக் களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடிய முதிய தாயையும் புறநானூறு காட்டுகிறது. பொய் சொன்னது ஊர். சோதனை தாய்க்கு. அந்தப் பாட்டை நாம் வீரத்தாயின் பெருமையாகவே படித்து வந்திருக்கிறோம். உறுதியில்லாத ஒரு வதந்தி ஒரு தாயைப் பிணக்காடு வரை துரத்துகிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கவிதை முழுமையாகும்.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டார நடுகற்களும் இதே அறத்தின் சான்றுகள். எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்து நின்ற செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. நின்ற நாய்க்கும் கல் வைத்த சமூகம் இது. பின்வாங்கியவன் ஏன் பின்வாங்கினான் என்று எழுதி வைக்க மட்டும் எங்கும் ஒரு கல் இல்லை.

1914 அக்டோபர், நவம்பரில் பிரான்சிலும் காயமே சாட்சிக் கூண்டில் ஏறியது. வெப்ப நாட்டுச் சீருடையோடு குளிர்காலத்தில் இறக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் கையில் குண்டடி பட்டு வந்தார்கள். திரும்பிப் போவதற்காகத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். சிலர் தண்டிக்கப்பட்டார்கள். பிரைட்டனில் இருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தானே சுட்டுக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தார். பதுங்குகுழியில் உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. துப்பாக்கியைப் பிடிக்கும் கையும் தலையும்தான் மேலே தெரியும். கையில் அடிபடுவதற்குக் குழியின் அமைப்பே போதுமான காரணம். இந்த எளிய உண்மை அறிக்கையாக வருவதற்குள் தண்டனை முந்திக்கொண்டது.

டாங்கா, நவம்பர் 1914

மதராஸ் சிப்பாயின் கதை பிரான்சில் இல்லை, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எம்டன் கப்பல் சுட்டது 1914 செப்டம்பர் 22 அன்று. அடுத்த மாதம் பம்பாயிலிருந்து ஒரு பெரும் படை கப்பலேறியது. ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தைப் பிடிப்பது அதன் வேலை. இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. தலைமை மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். படையில் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-ஆவது பயனியர்ஸும் இருந்தன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர் என்று கலந்து நின்றவை மதராஸ் படைகள்.

கிட்டத்தட்ட 8,000 பேர் கொண்ட படைக்கு எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் திரட்டியது சுமார் ஆயிரம் பேரை. இருந்தும் தோல்வி கடலிலேயே தொடங்கிவிட்டது. நெரிசலான கப்பல்களில் வாரக்கணக்கில் கடல்நோயோடு வந்த சிப்பாய்கள் பலருக்குக் கையில் கிடைத்த துப்பாக்கி புதிது. நவம்பர் 2 அன்று ஃபாக்ஸ் போர்க்கப்பலின் தலைவர் டாங்காவுக்குள் போய், போர் நிறுத்த ஏற்பாடு ரத்து என்று எதிரிக்கே அறிவித்துவிட்டு வந்தார். ஜெர்மானியப் படை ரயிலில் வந்து சேர அவகாசம் கிடைத்தது. முன்கூட்டி வேவு பார்க்கவும் எய்ட்கன் அக்கறை காட்டவில்லை.

நவம்பர் 4 மதியம் முன்னேறச் சொன்னார்கள். ரப்பர் தோட்டம், ஆளுயரச் சோளம், புதர். பக்கத்தில் நிற்பவனைக்கூடப் பார்க்க முடியாது. கொளுத்தும் வெயிலில் தண்ணீர் இல்லை. மரங்களில் தொங்கிய தேன்கூடுகள் துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்து, தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டித் தீர்த்தன. இயந்திரத் துப்பாக்கி சீற, 63-ஆவது படை சிதறிக் கடற்கரைப் பக்கம் ஓடியது. மறுநாள் மொத்தப் படையும் கப்பலுக்குத் திரும்பியது. கரையில் விட்டுவந்த துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் எதிரிக்குப் போயின. தரப்பட்ட இழப்புக் கணக்கு 800-க்கும் மேல். அந்தப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் டாங்காவில் இருக்கிறது.

63-ஆவது படை ஓடியது உண்மை. அதை மறைப்பது எந்த மரியாதையும் ஆகாது. அதே களத்தில் முந்தின நாள் 13-ஆவது ராஜபுத்திரப் படையும் பின்வாங்கியது. அதை யாரும் ராஜபுத்திர இனத்தின் குணம் என்று எழுதவில்லை. மதராஸ்காரன் ஓடியபோது மட்டும் அது இனத்தின் குணமாயிற்று.

முன்பே எழுதி வைத்த தீர்ப்பு

காரணம் முப்பது ஆண்டு பழையது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாயிடம் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியாவின் தலைமைத் தளபதியாகி, வடமேற்கு இனங்களே போருக்குப் பிறந்தவர்கள் என்ற கொள்கையைப் படைத்திரட்டலில் புகுத்தினார். மதராஸ் படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. நெடுங்காலம் போர் அனுபவம் தராமல் வைத்திருந்துவிட்டு, புதுத் துப்பாக்கியோடு புதருக்குள் அனுப்பி, சிதறியபோது முன்பே சொன்னோமே என்றார்கள்.

டாங்காவைப் பற்றிப் பின்னால் எழுதிய பலரும் நம்பிய சாட்சி, உளவு அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஷாகனின் நாட்குறிப்பு. இந்தியச் சிப்பாய்களைப் பற்றி அதில் மிக இழிவான சித்திரங்கள் உண்டு. அவர் பறவை ஆராய்ச்சியில் செய்த மோசடிகள் வெளிவந்த பிறகு நாட்குறிப்புகளின் நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளானது. பிரையன் கார்ஃபீல்டு 2007-இல் ஒரு முழுப் புத்தகத்தில் அதை அலசினார். தலைமுறைகளாக மேற்கோள் காட்டப்பட்ட சாட்சி சந்தேகத்துக்குரியது என்றான பிறகும், அந்தச் சாட்சியால் தீட்டப்பட்ட மதராஸ் சிப்பாயின் படம் மட்டும் அப்படியே மாட்டியிருக்கிறது.

தண்டனை தனி ஆளோடு நிற்கவில்லை. 1922 சீரமைப்பிலும் அதற்குப் பிந்தைய சிக்கனத்திலும் மதராஸ் காலாட்படை 1920-களுக்குள் ஏறத்தாழ மறைந்தது. தப்பிப் பிழைத்த பெரிய பிரிவு மதராஸ் சாப்பர்ஸ். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்குச் சீருடையும் சம்பளமும் பென்ஷனும் படிப்பும் தந்த வாசல் பட்டாளம். அதைச் சாத்தியபோது இழந்தது பெரிதும் அவர்கள்தான். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. அதன் பிள்ளைகள் பர்மாவில் போரிட்டார்கள், 1948-இல் காஷ்மீரின் தித்வாலில் நின்றார்கள். போருக்கு லாயக்கில்லாத இனம் என்ற கொள்கை அதோடு செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் பழைய தீர்ப்பை எவரும் முறையாகத் திரும்பப் பெறவில்லை. 2006-இன் மன்னிப்புச் சட்டம் இந்திய ராணுவச் சட்டத்தின் கீழ் சுடப்பட்டவர்களையும் சேர்த்தே சொல்கிறது. சுடப்படாமல் பழி மட்டும் சுமந்த படைகளுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இரு சகோதரர்கள்

கோழைத்தனமும் வீரமும் பிறப்பில் வருவதில்லை என்பதற்கு ஒரு குடும்பமே சாட்சி. 1915 மார்ச் தொடக்கத்தில் ஒரு மழை இரவில், பிரான்சின் முன்னணியிலிருந்து ஜமேதார் மீர் மஸ்த் தன் பத்தான் வீரர்கள் சிலரோடு ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்தார். எட்டு வாரத்துக்குள், ஏப்ரல் 26 அன்று, ஈப்ர் களத்தில் நச்சுப் புகைக்கு நடுவே சிதறிய ஆட்களைத் திரட்டி, காயம்பட்ட அதிகாரிகளைத் தூக்கி வந்த ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா சிலுவை பெற்றார். இவர் அவருடைய கூடப்பிறந்தவர்.

அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. பிரைட்டன் மருத்துவமனையில் அரசர் கையால் பதக்கம் வாங்கிய மீர் தஸ்த், ஒருமுறை காயம்பட்டவர்களை மறுபடி பதுங்குகுழிக்கு அனுப்ப வேண்டாம் என்று அரசரிடமே கேட்டுக்கொண்டார். ஹாரி ஃபார் அதே கருத்தைச் சொன்னதற்காகச் சுடப்பட்டார். ஒருவர் நெஞ்சில் பதக்கம் இருந்தது, மற்றவர் நெஞ்சில் குறி வைக்க வெள்ளைத் துணி இருந்தது. சொன்ன விஷயம் ஒன்றே.

நம் திரையில் எது இருக்கிறது, எது இல்லை

தூர்தர்ஷன் 1980-களின் இறுதியில் சேத்தன் ஆனந்தின் ‘பரம்வீர் சக்ரா’, ஷாருக்கான் நடித்த ‘ஃபௌஜி’ ஆகிய தொடர்களை ஒளிபரப்பியது. ஒன்று விருது பெற்றவர்களின் கதை, மற்றது பயிற்சி முகாமின் கதை. தமிழில் 1963-இன் ‘இரத்தத் திலகம்’ முதல் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய 2024-இன் ‘அமரன்’ வரை ராணுவப் படங்கள் வந்திருக்கின்றன. ‘அமரன்’ வெற்றிக்கு ஒரு காரணம், வீரனின் வீட்டில் காத்திருந்த பெண்ணின் பயத்தை அது கணக்கில் எடுத்தது. வீரனுடைய பயம் இன்னும் திரைக்கு வெளியேதான் நிற்கிறது.

அந்தப் பயத்தைப் பற்றிய கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் ஈழத்தவர்களும் சிங்களக் கலைஞர்களும். பங்கர் வாழ்க்கையைத் தோலில் அனுபவித்த தலைமுறை அது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் இயக்கத்திலிருந்து விலகிப்போன ஒருவனை மையமாக வைத்தது. அசோக ஹந்தகமவின் ‘மே மகே சந்தய்’ திரைப்படம் பங்கரை விட்டு ஓடிவரும் சிங்களச் சிப்பாயின் கதை. இலங்கையில் படையை விட்டுப் போனவர்களுக்கு அரசே திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தது. ஓடியவர்களை எல்லாம் கோழை என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அவர்கள் தொகை பெருகியிருந்தது.

இப்படிப்பட்ட கதைகள் ராணுவத்தின் மன உறுதியைக் குலைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. களத்தில் ஒருவன் நகர்ந்தால் பக்கத்தில் நிற்பவன் சாவான். கடமையின் கனம் அங்கேதான் இருக்கிறது. ‘ஜர்னிஸ் எண்ட்’டும் அந்தக் கனத்தைக் குறைக்கவில்லை, ஹிபர்ட் கடைசியில் காவலுக்குப் போகிறான். பயத்தைச் சொல்ல இடம் கொடுத்ததால் அவன் நின்றான். துப்பாக்கி அவனை நிறுத்தவில்லை. பயத்தைப் பேச முடியாத படையைவிடப் பேச முடிந்த படை உறுதியானது என்பதே அந்தக் காட்சியின் பாடம். இன்றைய ராணுவ மனநல மருத்துவமும் அந்தத் திசையில்தான் நடக்கிறது.

தமிழில் ஒரு பதுங்குகுழி நாடகம் எழுதப்படுமானால் டாங்காதான் அதன் களம். கப்பலின் அடித்தட்டில் கிடந்த வாரங்கள், கைக்குப் பழகாத துப்பாக்கி, சோளக் காட்டுக்குள் காணாமல் போன கட்டளை, தேனீ, ஓட்டம், பிறகு ஊருக்குத் திரும்பியவன் வாயைத் திறக்காமல் கழித்த வருஷங்கள் என்று எட்டுப் பகுதிக்குக் கதை இருக்கிறது. அதில் ஓடியவனைப் புனிதனாக்கத் தேவையில்லை. எய்ட்கனையும் ராபர்ட்ஸையும் அதே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் போதும். எய்ட்கன் பதவி இறக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பதோடு அந்தக் கணக்கை மூடியது லண்டன். பாளையங்கோட்டைப் படையின் கணக்கு மூடப்படவில்லை.

அதைத் திறக்கும் பொறுப்பு பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களுக்குத்தான் முதலில் இருக்கிறது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளும் பென்ஷன் புத்தகங்களும் பதக்கங்களும் ட்ரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. பள்ளிகளும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் அவற்றைத் திரட்டலாம். ஓய்வு பெற்றவர்களிடம் பதக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதே பயத்தைப் பற்றியும் கேட்கலாம். நாடகம் எழுதுகிறவனுக்கு அந்தப் பதில்கள்தான் மூலப்பொருள். ஒரு மகள் விடாமல் கேட்டதால் பிரிட்டன் 306 பெயர்களைத் திரும்பப் படித்தது. மதராஸ் சிப்பாயின் பெயரையும் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்க, அவனுடைய பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.